தீர்ந்துவிட்டதா என்று கேட்கும் திரை

கேம்பல் லேன்,
சிங்கப்பூர்
18.5.1986

அன்புத் தம்பி ஜார்ஜுக்கு அண்ணன் சவரிராஜ் எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நானும் உன் அண்ணி மதலேனாவும் சுகம். பெர்த்தில் குளிர் ஆரம்பித்திருக்கும். உன் மனைவி ஆனியின் கம்பளிச் சட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு திரியாதே, உனக்கென்று ஒன்று வாங்கு.

கடைகளுக்காக நீ புரோகிராம் எழுதித் தபாலில் போட்ட பிளாப்பித் தட்டு உடையாமல் வந்தது. கணினியில் போட்டேன், ஓடியது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், கோபிக்காதே. திரையைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்கால சிராங்கூன் ரோடு மாதிரி இருக்கிறது. எங்கே காலை வைப்பதென்றே தெரியவில்லை. நான் கால்குலேட்டர் விற்றுக் கடை பிடித்தவன். எனக்கே தலை சுற்றினால் மளிகைக் கடைக்காரர் என்ன ஆவார்?

பஃபலோ ரோட்டு மளிகைக் கடை மருதப்பன் வாங்கச் சம்மதித்துவிட்டார். பிடோக்கில் இருக்கும் அவருடைய கிளைக் கடைக்குத்தான் கணினி. அதை நடத்துவது அவர் மனைவி பூவம்மா. மருதப்பன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சவரி, என் பொண்டாட்டி பத்து விரலால பியானோ வாசிக்கப் போறதில்ல லா. ஒரு விரல் போதுங்கற மாதிரி செஞ்சு குடு. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். எந்தச் சரக்கு வாங்கணும்னு காலையில என் கையில காகிதம் வரணும்."

அப்படிச் செய்து அனுப்பு. இவர் கடையில் ஓடினால் மற்றவர்கள் தானாக வருவார்கள்.

பழகுவதற்காக நம் கடைச் சாமான்களையே உன் புரோகிராமில் ஏற்றினேன். மேசை, நாற்காலி, மின்விசிறி. விளையாட்டுக்கு இங்கிலீஷ் எழுத்தில் 'தம்பி' என்றும் அடித்துப் பார்த்தேன். அதையும் சரக்கு என்று எடுத்துக்கொண்டது! உனக்கு வாங்கிய மேசை வந்துவிட்டது. பலகையில் 'சவரிராஜ் பிரதர்ஸ்' என்று போட்டுவிட்டு நான் ஒருத்தனே உட்கார்ந்திருந்தால் வருகிறவன் சிரிக்க மாட்டானா? எப்போது வருகிறாய்?

உன் அண்ணன்,
சவரிராஜ்

*

பெர்த்
2.7.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஆனிக்குப் படித்துக் காட்டினேன். சிராங்கூன் ரோடு என்ற இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு நீங்கள் சொல்வது சரியென்று பட்டது.

எல்லாவற்றையும் தூக்கியெறிந்துவிட்டேன். இப்போது திரையில் ஒரே ஒரு சரக்கின் பெயர், அதன் கீழே ஒரே ஒரு கேள்வி: "தீர்ந்துவிட்டதா?" அவ்வளவுதான். ஆம் என்றால் Y, இல்லை என்றால் N. ஒன்றை அமுக்கியதும் அடுத்த சரக்கு வரும். கடை சாத்தும்போது பூவம்மா அக்கா வரிசையாக அமுக்கிக்கொண்டே போனால் போதும். எதற்கெல்லாம் Y அமுக்கினார்களோ அதெல்லாம் 'வாங்க வேண்டிய சரக்கு' என்று தானாக அச்சாகிவிடும். தீர்ந்தது என்று சொல்லாமல் ஒரு பெயரை அழிக்கவும் முடியாது, அதனால் தவறு நடக்க வழியே இல்லை. குழந்தைகூட அமுக்கலாம்.

தீபாவளி வியாபாரத்தை இது தாங்கிவிட்டால் டிசம்பரில் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். ஆனியும் நர்ஸ் வேலையை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். இது சத்தியம். மேசையைத் துடைத்து வையுங்கள்.

அன்புத் தம்பி,
ஜார்ஜ்

*

கேம்பல் லேன்,
சிங்கப்பூர்
8.10.1986

அன்புத் தம்பிக்கு,

பிடோக்கில் கணினியை வைத்தாகிவிட்டது. நம் கடைக் கணினியிலும் உன் புதுப் புரோகிராமைப் போட்டு, பழையபடி மேசை முதல் 'தம்பி' வரை ஏற்றி வைத்திருக்கிறேன். பூவம்மா பொட்டு வைத்து, பூப்போட்டு, சாம்பிராணி காட்டித்தான் தொட்டார். புகை உள்ளே போய்விடுமோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார். சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் டக் டக் என்று அமுக்கி முடித்துவிடுகிறார். தீபாவளிச் சரக்கை மொத்தமாக இறக்கியிருப்பதால் இன்னும் எதுவும் தீரவில்லை. காகிதம் வெறுமையாகத்தான் வருகிறது.

மருதப்பன் சந்தோஷத்தில் இருக்கிற இடத்தில் இல்லை. பிடோக்குக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரி டிரைவரிடம், "இனிமே வாயால வர்ற ஆர்டர எடுத்துட்டு வராத, காகிதத்தை மட்டும் கொண்டா" என்று உத்தரவே போட்டுவிட்டார். ஜவுளிக் கடை நெய்னா முகம்மது இரண்டு தடவை வந்து நம் கடையில் நின்று பார்த்துவிட்டுப் போனார். தீபாவளி போகட்டும் என்கிறார்.

சந்திரமதி என்று ஒரு பெண் வேலை கேட்டு வந்தது. புரோகிராம் எழுதப் படித்த பெண், கெட்டிக்காரி. தம்பி வருகிறான், இடமில்லை என்று அனுப்பிவிட்டேன். மதலேனா திட்டினாள். "வர்றவன் வரட்டும், இருக்கிறவள ஏன் விடுறீங்க?" என்கிறாள். அவளுக்கு உன்னைத் தெரியவில்லை.

அண்ணன்,
சவரிராஜ்

*

கேம்பல் லேன்,
சிங்கப்பூர்
5.11.1986

தம்பி ஜார்ஜுக்கு,

நல்ல செய்தி எழுதுவதற்கில்லை.

தீபாவளி வாரத்தில் பிடோக் கடையில் உளுந்து இல்லை. நல்லெண்ணெய் இல்லை. வெல்லம் இல்லை. முறுக்குக்கு உளுந்து இல்லாத மளிகைக் கடையை நீ பார்த்திருக்கிறாயா? வந்தவர்கள் எல்லாம் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். கடைசிவரை காகிதம் வெறுமையாகவே வந்துகொண்டிருந்தது.

மருதப்பன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். பூவம்மா அழுதுகொண்டிருந்தார். காலியாகக் கிடந்த உளுந்துப் பானையைக் காட்டி, ஏன் Y அமுக்கவில்லை என்று கேட்டேன்.

"விளக்கேத்தி வச்சிட்டு, தீந்துபோச்சுன்னு எப்படி தம்பி அமுக்குறது? கடையில அந்த வார்த்தைய நாங்க வாயாலயே சொல்றதில்ல. உளுந்து வரணும்னுதான் சொல்லுவோம். டிரைவர்ட்ட சொன்னேன், அவன் காகிதத்துல இல்லன்னுட்டான்."

"மிஷின்ல போட வேண்டியதுதானே?" என்று மருதப்பன் கத்தினார்.

"மிஷினுக்கும் பொட்டு வச்சிருக்கேன்ல" என்றார் பூவம்மா.

தினமும் எல்லாச் சரக்குக்கும் N தான் அமுக்கியிருக்கிறார். கடை நடத்துகிற வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணும் அப்படித்தான் அமுக்குவாள். நாம் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், நமக்கு இது தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும், நான் இந்தத் தெருவிலேயே கிடப்பவன். அது போகட்டும்.

வழி இருக்கிறது. கேள்வியை மட்டும் மாற்று. "தீர்ந்துவிட்டதா?" வேண்டாம். "வரவேண்டுமா?" என்று கேட்கட்டும். அதற்கு பூவம்மா சந்தோஷமாக Y அமுக்குவார். மருதப்பன் கணினியைத் திருப்பி அனுப்பிவிட்டார்தான். ஆனால், "உன் தம்பி வந்து என் கடையில ஒரு வாரம் உக்காந்து பாக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். கதவை முழுக்கச் சாத்தவில்லை. நீ டிசம்பர் என்று காத்திருக்காதே. உடனே கிளம்பி வா.

அண்ணன்,
சவரிராஜ்

*

பெர்த்
30.11.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான் கேள்வியைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறேன். பானை காலியா இல்லையா, அவ்வளவுதானே? கண்ணெதிரே காலியாக இருக்கும் பானையை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதற்கு புரோகிராம் என்ன செய்யும்? இன்று இதற்காக மாற்றினால் நாளைக்கு ராகு காலத்தில் அமுக்க மாட்டேன் என்பார்கள்.

ஆனிக்கு மருத்துவமனையில் பதவி உயர்வு வந்திருக்கிறது. வீடு ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம். பின்னால் எலுமிச்சை மரம் இருக்கிறது. இந்த நேரத்தில் கிளம்புவது கஷ்டம். வரமாட்டேன் என்று சொல்லவில்லை அண்ணே. அடுத்த வருடம் பார்ப்போம். நிலைமை தெளியட்டும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் கேக் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அன்புத் தம்பி,
ஜார்ஜ்

*

கேம்பல் லேன்,
சிங்கப்பூர்
15.2.1987

தம்பி ஜார்ஜுக்கு,

கேக் வந்தது. மதலேனா கோயில் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்தாள்.

மருதப்பன் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் கடைக்குள் போய்விடுகிறார். நெய்னா முகம்மது வேறொரு கம்பெனியில் வாங்கிவிட்டார். போய்ப் பார்த்தேன். அதன் புரோகிராமை எழுதியது சந்திரமதி. கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுத ஆரம்பித்ததாம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அங்கிள், உங்க தம்பி வந்துட்டாங்களா?" என்று கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டது.

கணினி வியாபாரத்தை விட்டுவிட்டேன். மறுபடி கால்குலேட்டர்தான். பலகையை இறக்கியாகிவிட்டது. உன் மேசையைப் பழைய சாமான் வாங்கும் ரவூப் போன வாரமே தூக்கிப் போனான். கணினியை எடுக்க இன்று வருகிறான்.

கொடுக்கும் முன் நான் ஏற்றிய பெயர்களை அழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். தீர்ந்தது என்று சொல்லாமல் அழிக்க விடாது என்று எழுதியிருந்தாயே. மேசை, தீர்ந்துவிட்டதா? Y. நாற்காலி? Y. மின்விசிறி? Y. அடுத்தது 'தம்பி' வந்து நின்றது.

பூவம்மாவை அன்றைக்கு மனதுக்குள் எத்தனை திட்டினேன்! எனக்கும் விரல் N பக்கம்தான் போயிற்று. அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. வரமாட்டேன் என்று சொல்லவில்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்று எழுதியிருக்கிறாய். நீயும் N தான் அமுக்கியிருக்கிறாய் தம்பி. பூவம்மா சாமிக்குப் பயந்து அமுக்கினார். நீ எனக்குப் பயந்து அமுக்கியிருக்கிறாய்.

நான் வியாபாரி. காலிப் பானையில் இருக்கிறது என்று எழுதி வைத்தால் புதுச் சரக்கு வாங்க மாட்டோம். பிடோக் கடை அதனால்தான் கெட்டது. நான் சந்திரமதியைத் திருப்பி அனுப்பியதும் அப்படித்தான்.

அதனால் Y அமுக்கினேன்.

அச்சுப்பொறி கரகரவென்று ஓடிக் காகிதத்தைத் துப்பியது. அதில் வரிசையாக வந்திருந்தன. வாங்க வேண்டிய சரக்கு: மேசை, நாற்காலி, மின்விசிறி, தம்பி. கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு இங்கே அதனால் உபயோகமில்லை.

நீ பதில் எழுதச் சிரமப்பட வேண்டாம். ஆனியை நன்றாக வைத்துக்கொள். எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் ஊற்று.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். உன் புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை.

சவரிராஜ்