பத்தாவது ஸ்வெட்டர்

அன்பு மகள் தீபிகாவுக்கு அம்மா எழுதுவது. சாமி புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நலம், மழைக்காற்று அடித்தால் மட்டும் அப்பாவுக்கு முட்டிவலி வந்துவிடுகிறது. ஜெர்மனியில் குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, நீ நலமா, காதை மூடிக்கொண்டுதான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாயா? இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் வேண்டாம் என்று அழுவாய், அதனால்தான் எழுதி, உன் சிநேகிதி மோகனப்பிரியா கொண்டுவரும் பெட்டியிலேயே வைக்கிறேன்.

அங்கே முகாமில் இருக்கும் அகதிப் பிள்ளைகளுக்குப் பத்து ஸ்வெட்டர் பின்னித் தருகிறேன் என்று நான்தான் உன்னிடம் வாக்குக் கொடுத்தேன். வியர்வை வழிகிற கடலூரில் இருந்துகொண்டு எனக்கு என்ன தெரியும்! செவ்வாய்க்கிழமைதோறும் சிதம்பரம் பஸ் ஏறி, ஞானாம்பாள் டீச்சர் வீட்டில் கற்றுக்கொண்டேன். ஒன்பது நன்றாக வந்தன. பத்தாவதில் உன் அப்பா கை வைத்தார். இழுத்தா அவுந்து வருது, இது ஒரு பின்னலா, நான் பின்னாத வலையா என்று சொல்லி, நான் சமைக்கப் போன நேரத்தில் வலை ஊசியை எடுத்து மீதியைக் கழுத்துவரை வலை முடிச்சாகவே போட்டு முடித்துவிட்டார். சுறா மாட்டினாலும் கிழியாது, ஆனால் பிள்ளையின் தலை நுழையாது. டீச்சர் இழுத்துப் பார்த்து, இது மீன் புடிக்கத்தாம்மா ஆவும் என்று சிரித்தார். பிரிக்கவும் முடியவில்லை, கத்தரியால் வெட்டியதில் நூலெல்லாம் துண்டு துண்டாகிவிட்டது. நம்ம முடிச்சு அவுறாதுன்னு உனக்குத் தெரியாதா என்று அதற்கும் அப்பாவுக்குப் பெருமைதான். டீச்சர் வரவழைத்துத் தந்த நூலும் தீர்ந்துவிட்டது, நம் ஊரில் கம்பளி நூலுக்கு எங்கே போவது, மோகனப்பிரியாவுக்கோ பத்து நாளில் விமானம்.

அப்போதுதான் பீரோவில் இருந்த நீல ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது. சுனாமிக்குப் பிறகு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தோமே, உனக்கு அப்போது ஆறு வயது. லாரியில் வந்து கொட்டிய பழந்துணிக் குவியலில் அது கிடந்தது. கடலோரத்துக்காரிக்கு ஸ்வெட்டரா என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். மறுநாளே உனக்கு ஜுரம் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. போர்த்த ஒரு போர்வை இல்லை, எல்லாம் கடல் கொண்டுபோயிருந்தது. அதில்தான் உன்னைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அது இல்லாமல் நீ தூங்கியதில்லை. அனுப்பியவள் யாரென்றே தெரியாது, நன்றி சொல்லவும் வழியில்லை.

அங்கங்கே கிழிந்துபோன அதை அப்படியே அனுப்ப முடியாது, நூலைப் பிரித்துத்தான் பின்ன வேண்டும். ஆனால் பிரிக்க எனக்குக் கை வரவில்லை, இரண்டு நாள் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பிரித்துவிட்டேன், தீபிகா. பிரிக்கப் பிரிக்க உள்ளே எல்லாம் ஒட்டுப்போட்ட நூல், ஓரிடம் வெளிறியும் ஓரிடம் அடர்ந்தும் இருந்தது. டீச்சரிடம் காட்டினேன், இதுவே எதையோ பிரிச்சுப் பின்னுனதுதாம்மா என்றார். அந்தப் புண்ணியவதியும் தன் வீட்டுப் பழசைப் பிரித்துத்தான் நமக்கு அனுப்பியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன், ஆனால் மனசு லேசாகிவிட்டது. அந்த நூலிலேயே பத்தாவதைப் பின்னி முடித்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. பாடலீஸ்வரர் துணையில் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. பெட்டியில் நீலமாக இருப்பது அதுதான், இதில் அப்பா கை வைக்கவில்லை, தலை தாராளமாக நுழையும். எடுத்ததும் முகத்தோடு வைத்துக்கொள்வாய் என்று தெரியும். வைத்துக்கொள், ஆனால் ஒரு நாள்தான். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிடு. அங்கேயும் ஒருத்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா தைலம்மாள்