தறி நிற்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி

டாக்டரம்மா,

இன்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை. காலை ஒன்பது மணிக்கு விசைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சத்தம் ஓய்ந்ததும் எனக்கு முதலில் கேட்டது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். அடுத்தது உங்கள் குரல். "அண்ணாச்சி, கரண்ட் போயிட்டு. கிளம்புங்க." செத்தவர்கள் பேசுவார்கள் என்று நம்புகிற ஆள் நானில்லை. காலமெல்லாம் உங்கள் கிளினிக் லேபில் மைக்ராஸ்கோப் வைத்துச் சளி பார்த்தவனுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? ஆனாலும் எழுந்து சட்டையை மாட்டினேன். இன்று உண்மையிலேயே போக வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் வெளியூரில் படித்து முடித்துவிட்டு சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்து கிளினிக் போட்டபோது ஊரில் பலருக்கும் ஆச்சரியம். எனக்கு இல்லை. இங்கே நோயாளிக்குப் பஞ்சமா என்ன? தறித் தெருப் பிள்ளைகள் வருடம் முழுக்க இருமின. மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடித்தன, மறுபடி இருமின. இதில் எது கிருமி, எது ஆஸ்துமா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. உங்களுக்கு இருந்தது. அதற்கு மேலே ஒரு கேள்வியும் இருந்தது. காசநோய் வந்து போன வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு ஆஸ்துமா கூடுமா, குறையுமா? கிருமியோடு பழகிய உடம்பு தூசிக்குப் பதறாமல் இருக்குமோ என்பது உங்கள் சந்தேகம். நோயாளி இல்லாத மதிய நேரத்தில் அதைச் சொல்லிச் சொல்லி என் டீயை ஆறவிடுவீர்கள்.

வீடு வீடாகப் போய்க் கேட்கும் வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். நான் அந்தத் தெருக்காரன், கதவு திறப்பார்கள் என்பது உங்கள் கணக்கு. கதவெல்லாம் திறந்தார்கள். கையில் ஒரு கத்தை படிவம், மூச்சின் வேகத்தை ஊதிப் பார்க்கிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று. மூச்சு நன்றாக இருக்கிற நாளில் ஊதினால் அந்தக் குழாய் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே கேள்விதான் முக்கியம் என்று நீங்கள் இரண்டு முறை சொல்லி அனுப்பினீர்கள். "போன ஒரு வருசத்துல நெஞ்சுல விசில் சத்தம் வந்துச்சா, ராத்திரி மூச்சு முட்டுச்சா?" இதைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். தறி ஓடுகிற வீட்டில் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டேன், தொண்டை கிழிய. பதிலும் அப்படியே வந்தது. எங்கள் தெருவில் 'சாப்பிட்டாச்சா' என்பதையே கத்தித்தான் கேட்போம். அது தப்பு என்று என் மண்டையில் உறைக்கவில்லை.

என் தங்கை வீடும் அந்தப் பட்டியலில் இருந்தது. அவள் புருஷன் டிபி வந்து, நம் கிளினிக்கிலேயே மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். மகள் செல்விக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேள்வியைக் கத்தி முடிப்பதற்குள் தங்கை என் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணே, ஏற்கெனவே அப்பனுக்கு டிபின்னு ஊரெல்லாம் தெரியும். இப்போ மவளுக்கு வீசிங்ன்னு எழுதுனா எவன் கெட்டுவான்? இல்லைன்னு எழுதிரு."

"டாக்டரம்மா ஆராய்ச்சிக்குத்தான் கேக்காவ. யாருட்டயும் காட்ட மாட்டாவ."

"எதுத்த வீட்டுக்காரி வாசல்லதான் நிக்கா. நீ இல்லைன்னு எழுதுனேன்னு அவ காதுல விழணும்."

தறியில் ஏற்றிய பாவு நூலுக்குப் பக்கத்தில் செல்வி தலை குனிந்து நின்றாள். அவள் நெஞ்சு இழுப்பது எனக்குத் தெரியும். நான் எழுதினேன், இல்லை என்று. எதிர்வீட்டுக்காரிக்குக் கேட்கும்படி வாயாலும் சொன்னேன்.

உங்கள் கட்டுரை அச்சாகி வந்த அன்று எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தீர்கள். ஒரு பக்கத்தை விரித்து எனக்குக் காட்டினீர்கள். "பாருங்க அண்ணாச்சி, டிபி வந்த வீட்டுப் பொம்பளப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா எவ்ளோ கம்மின்னு. நான் நெனச்சதுதான்." உங்கள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்தெல்லாம் பேசக் கூப்பிட்டார்கள். நான் அல்வாவைத் தின்றுவிட்டு ஸ்லைடுக்குச் சாயம் போடப் போனேன். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு 'இல்லை' என்னுடையது. ஒன்று பொய்யாகப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பல மாதம் அந்தச் சமாதானத்திலேயே காலத்தை ஓட்டினேன்.

பிறகு ஒரு காலையில் தங்கை வீட்டுக்குப் போனபோது செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வார்த்தை வரவில்லை, விசில்தான் வந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. தங்கையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு உங்களிடம் கொண்டுவந்தேன். நீங்கள் நெபுலைசர் வைத்தீர்கள். அவள் மூச்சு நிதானப்பட்ட பிறகு அலமாரியைத் திறந்து, அந்த வீட்டின் படிவத்தை எடுத்து, ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

"அண்ணாச்சி, இது உங்க எழுத்துதான?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் எழுதுனியளா?"

"ஆமா."

"எத்தன வீட்டுல இப்படி?"

"நானா பொய் எழுதுனது இந்த ஒண்ணுதான், டாக்டரம்மா. ஆனா மத்த வீட்டுலயும் இதேதான் நடந்திருக்கும். தறி ஓடும்போது தெருவே கேக்கக் கத்திக் கேட்டேன். டிபி வந்த வீட்டுல குமருப் பிள்ளைய வச்சிக்கிட்டு எவ ஆமான்னு சொல்லுவா?"

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். கிருமியோடு பழகிய உடம்பு என்று நீங்கள் நினைத்தது ஊர் வாய்க்குப் பயந்த உடம்பாக இருந்துவிட்டது. அது உங்களுக்கு அந்த நிமிடமே புரிந்தது. எனக்குத்தான் சொல்லி முடித்த பிறகு புரிந்தது. அன்று நான் பட்ட வெட்கத்தை வேறெப்போதும் பட்டதில்லை. ஒரு வாரம் நீங்கள் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம், "ஸ்லைடு ரெடியா?"

எட்டாம் நாள் செய்தித்தாளில் மின்தடை அறிவிப்பைக் கத்தரித்து என் மேசையில் வைத்தீர்கள். "எல்லா வீட்டுக்கும் மறுபடி போறோம். தறி நிக்கிற அன்னைக்கு மட்டும். நீங்க தெருவுல நில்லுங்க, நான் உள்ள போய்க் கேக்கேன்." அப்படித்தான் போனோம், மாதத்துக்கு ஒரு நாள், ஒரு நாளைக்குச் சில வீடு. நீங்கள் அடுப்படியில் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, காதோடு காதாகக் கேட்டீர்கள். நான் வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரிகளிடம் வெங்காய விலை பேசினேன். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. நீங்கள் வெளியே வரும்போது முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொள்வேன். பெரும்பாலும் 'உண்டு' தான்.

உங்கள் கூடப் படித்த ஒருவர் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. பழைய கட்டுரை இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். "எனக்குத் தெரியுதே," என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். முதல் கட்டுரை தப்பு என்று நீங்களே பத்திரிகைக்கு எழுதினீர்கள். அது அச்சானதும் பேசக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. எப்படிக் கேட்டதால் தப்பு வந்தது, எப்படிக் கேட்டபோது உண்மை வந்தது என்று அடுத்த கட்டுரை எழுதினீர்கள். அதில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர்.

"தப்பு செஞ்சவன் பேர எதுக்குப் போடுதிய? தண்டனையா?"

"பாதி தண்டனை. மீதி, வாசல்ல நின்னு வெங்காய வெல பேசுனதுக்கு."

வீட்டிலும் நான் சும்மா தப்பிக்கவில்லை. செல்விக்கு வீசிங் என்று தெரிந்து, பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். தங்கை ஒரு வருடம் என் வாசலை மிதிக்கவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் செல்வி மூச்சு விட்டாள். பிற்பாடு, தன் அம்மாவுக்கும் இதே இளைப்பு என்று சொல்லிக்கொண்டு ஒரு தறிக்காரப் பையன் வந்து அவளைக் கட்டிக்கொண்டான்.

உங்களைக் கொண்டுபோனது தொற்றும் இல்லை, ஆஸ்துமாவும் இல்லை; இதயம். நீங்கள் ஒரு வரிகூட எழுதாத உறுப்பு. அந்தச் செய்தி வந்தபோது நான் அழவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கிளினிக்கைக் காலி செய்தபோது அந்த ஊதுகிற குழாய் கைக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். இப்போது அது என் பீரோவில் இருக்கிறது.

இனி இன்றைய வேலை. உங்கள் இரண்டாவது கட்டுரையை இத்தனை வருடம் கழித்துப் படித்துவிட்டு ஒரு டாக்டர் என்னைத் தேடி வந்தார். அதே தெருக்களில் மறுபடி கேட்க வேண்டுமாம். தறி நிற்கும் நாளில் வாருங்கள் என்றேன். இன்று வந்தார். மூன்று வீடு முடித்து நாலாவதாகச் செல்வி வீட்டுக்குப் போனோம். போன வாரம்தான் அவள் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் உட்காரவும், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கரண்ட் வந்துவிட்டது. தறிகள் ஓட ஆரம்பித்தன. எதிர்வீட்டில் ஒருத்தி வாசலுக்கு வந்து நின்றாள். நான் படிவத்தை மடித்து, "அடுத்த மாசம் வாரோம்" என்று டாக்டரிடம் கைச்சாடை காட்டினேன்.

செல்வியின் மகள் மடித்த படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, விரித்து, கேள்வியைப் படித்தாள். பிறகு தறிச் சத்தத்துக்கும் மேலே கத்தினாள்.

"உண்டு தாத்தா! வீசிங் உண்டு! மூச்சுக்குப் பம்ப் வச்சிருக்கேன்! பாக்க வந்தவங்ககிட்டயும் சொல்லியாச்சு! எழுதிக்கோங்க!"

எதிர்வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் மகளின் வாயைப் பொத்துவாள் என்று நினைத்தேன்.

"எனக்கும் உண்டுன்னு போடு மாமா!" என்று அவளும் கத்தினாள்.

அந்த வீட்டுப் படிவத்தில் 'உண்டு' என்று எழுதினேன், டாக்டரம்மா. இரண்டு முறை எழுதினேன். இந்தத் தடவை பின்பக்கம் போகாமல், எல்லோரும் பார்க்க, வாசலில் உட்கார்ந்து.