குளத்தில் இறங்கும் முன்

செயலாளரம்மா,

சாப்பாடு மேஜைமேல் மூடியிருக்கிறது. நீச்சல்குளச் சாவி ஆணியில் தொங்குகிறது.

நேற்றுக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், நாள் வாடகைக்குத் தங்க வருகிறவர்களையும் குளத்தில் விடலாம் என்று ஒற்றை ஆளாக வாதாடினாய். கட்டின புருஷன் நானே எதிர்த்துக் கை தூக்கியும் ஜெயித்துவிட்டாய். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

இன்று காலை நம் தலைவர் வழக்கம்போல நேரே குளத்தில் இறங்கப் போனார். மாடி வீட்டுக்கு நாள் வாடகைக்கு வந்திருக்கிற குடும்பத்துச் சின்னப்பெண் மறித்தாள். "அங்கிள், மொதல்ல ஷவர்ல குளிச்சிட்டு வாங்க. செயலாளர் ஆன்ட்டி எங்ககிட்ட அப்படித்தான் சொன்னாங்க."

மனுஷன் திரும்பிப் போய்க் குளித்தார். இத்தனை வருஷமாகப் பலகை மாட்டியும் நடக்காததை ஒரே நாளில் நடத்திவிட்டாய். கெட்டிக்காரிதான் நீ.

பி.கு.: அவருக்கு அடுத்து ஷவருக்குப் போனது நான்தான்.