கார் பார்க் மேல்மாடி வரைக்கும்

காக்கா,

ரூம் மாறுவதற்காக இன்று காலையில் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியை இழுத்தேன். திறந்ததும் மேலாகவே அந்த டவுசர். சைக்கிள்காரர்கள் போடுவது, உட்காருகிற இடத்தில் மெத்தை வைத்துத் தைத்தது. உங்களுக்கு ஒன்று, கூடப் பிறக்காத இந்தத் தம்பிக்கு ஒன்று என்று நீங்கள் வாங்கி வந்தீர்கள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, "நம்ம ஊர்க்காரன் எவனாவது பாத்தா நம்ம வீட்டுல சம்பந்தம் வைக்க மாட்டான் வே" என்றீர்கள். அதற்குப் பயந்து இரண்டு பேரும் மேலே கைலியைச் சுற்றிக்கொண்டுதான் பஹ்ரைனின் குதைபியாத் தெருவில் சைக்கிளை உருட்டிப் போனோம்.

எல்லாம் என் வாயால் வந்தது. என் அரபு முதலாளியான அர்பாபின் குடும்பம் ஒரு வெயில் காலத்தில் ஆஸ்திரியாவுக்குப் போனபோது டிரைவராக என்னையும் கூட்டிப் போனது. அங்கே நான் வேன் ஓட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் உங்கள் மளிகைக் கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது வேன் சைக்கிளாகிவிட்டது. மேடு வானத்துக்குப் போனது. நான் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினேன், வெள்ளைக்காரர்கள் ஓரமாக நின்று கை தட்டினார்கள், ஒரு கிழவி பால் கொண்டுவந்து கொடுத்தாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இந்த வாய் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது?

நீங்கள் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டீர்கள். "நீரு சொல்றதுல பாதியைக் கழிச்சாலும் ஒரு மலை மிஞ்சும் வே. வாரும், அதைப் போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றீர்கள்.

விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தால் அப்பளப் பாக்கெட்டுகளுக்கு நடுவில் வரைபடம் தொங்குகிறது. உங்கள் மகள் கம்ப்யூட்டரில் வழி தேடி, ஏரியிலிருந்து ஏரிக்குக் கோடு போட்டிருந்தாள். விசாவுக்கும் அவளே அலைந்தாள். நீங்கள் மாசிக் கருவாட்டுச் சம்பலை எந்த டப்பாவில் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள். எதற்குக் காக்கா இந்த வயதில் என்று கேட்டேன்.

"இந்த ஊர்ல சும்மா நின்னாலே வேர்க்குது. கடை, வீடு, கடைன்னே போச்சு. ஒரு தடவையாவது நானா வேர்க்கணும் வே."

என் பொய் மாட்டிக்கொள்ளுமே என்று பயந்தேன். பஹ்ரைனில் மேடு ஏது, பழகுவதற்கு? ரயிலில் சைக்கிளை ஏற்றி உச்சிக்குப் போய், அங்கிருந்து ஜாலியாக இறங்கி வரலாம் என்று திட்டம் சொன்னேன். ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"ஏறாம இறங்குனா அதுக்குப் பேரு விழுறது" என்று சிரித்தீர்கள்.

மேடு கண்டுபிடித்தவரும் நீங்கள்தான். ஒரு பழைய ஷாப்பிங் மாலின் கார் பார்க்கில் மாடிக்கு மாடி சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை. வெள்ளிக்கிழமை காலையில் அங்கே கார் இருக்காது. முதல் நாளே காவல்காரர் ஓடிவந்தார். "பாய், இதர் சைக்கிள் மாஃபி! யல்லா, யல்லா!" இங்கே சைக்கிள் கூடாது, கிளம்புங்கள் என்று விரட்டினார். நீங்கள் கைலியைத் தூக்கி டவுசரைக் காட்டினீர்கள். மனிதர் சிரித்தே வழிவிட்டார்.

இரண்டாவது மாடியில் எனக்கு மூச்சு போய்விட்டது. இறங்கித் தள்ளினேன். ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில்தான் இறங்கினேன். நீங்கள் மேல்மாடியில் கம்பியில் சாய்ந்து எனக்காகக் காத்திருப்பீர்கள். சட்டை முழுக்க நனைந்திருக்கும். "தொட்டுப் பாரும், நானா வேர்த்தது" என்பீர்கள். ஆஸ்திரியாவில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறியவன் இங்கே ஏன் தள்ளுகிறான் என்று ஒரு தடவை கூட நீங்கள் கேட்டதில்லை.

விசா வந்தது. டிக்கெட் போடுவதற்குள் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

போன வாரம் உங்கள் வீட்டில் உங்களுக்காகத் துஆ ஓதி முடித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். பக்கத்து நாட்டு ஃபஹாஹீலிலிருந்து வந்திருந்த உங்கள் மச்சான் சோற்றைப் பிசைந்தபடி, "பாவம், கடையைத் தவிர எதையும் பாக்காமலே போயிட்டாங்க" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"யாரு சொன்னா? நாங்க ரெண்டு பேரும் ஆஸ்திரியா போயிட்டு வந்தோம்! மலை மேலயே சைக்கிள்ல!"

ஆரம்பித்தால் எனக்குத்தான் நிற்காதே. மழை பெய்தது, பசு மணி ஆட்டியது, எல்லோரும் கை கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சொன்னேன்: "நான் முதல்ல உச்சிக்குப் போயிட்டேன். காக்காவுக்கு முடியல. நான் திரும்ப இறங்கி வந்து, கையைப் பிடிச்சு மேல ஏத்துனேன்." உங்கள் மச்சான் என் தோளைத் தட்டினார். நானும் தட்ட விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செருப்புப் போடும்போது உங்கள் மகள் வந்தாள். உள்ளே பெண்களோடு இருந்தவள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அங்கிள், வாப்பாவோட பாஸ்போர்ட் என் ட்ராயர்லதான் இருக்கு. விசா ஒட்டுனதோட சரி, போய் வந்த முத்திரை ஒண்ணு கூட இல்ல."

போட்ட செருப்பை மறுபடி கழற்றினேன்.

"பரவால்ல. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது. "ஆனா முதல்ல வாப்பாதானே மேல போயிருப்பாங்க?"

காக்கா, பொய் சொன்னதற்கு நான் என்றைக்கும் வெட்கப்பட்டவன் இல்லை. ஊரைச் சிரிக்க வைக்கிற பொய்தானே என்று இருந்துவிடுவேன். ஆனால் போகாத ஊருக்கு உங்களை இழுத்துக்கொண்டு போய், அங்கேயும் உங்களைப் பின்னால் நிறுத்தினேனே! உங்களுக்கென்று நான் கட்டிய மலையில் கூட எனக்குத்தான் உச்சி வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் உங்கள் தெருவுக்குள் நுழையாமல் வேறு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

இன்று டவுசரைக் கையில் வைத்துக்கொண்டே ஃபஹாஹீலுக்குப் போன் போட்டேன். நாங்கள் எங்கும் போகவில்லை என்று உங்கள் மச்சானிடம் சொன்னேன். அவர் ஒன்றைத்தான் கேட்டார்.

"அப்ப அவங்க எங்கயுமே போகலியா?"

நீங்கள் சொன்னபடி பாதியைக் கழித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் கழித்தும் ஒன்று மிஞ்சியது.

"போனாங்க" என்றேன். "கார் பார்க் மேல்மாடி வரைக்கும். எனக்கு முன்னாடியே போய், எனக்காக நின்னாங்க."