என் தொட்டியின் மேல் உன் விளக்கு

உம்லாசி,
ஞாயிறு பிற்பகல்

மகன் சனேலேவுக்கு,

இங்கே நானும் உன் தங்கை நொம்புசோவும் நலம். நீ நலமாக இருப்பதை உன் புதுக் குளிர்சட்டைப் படத்தில் பார்த்துவிட்டதால் அதைத் தனியாக விசாரிக்கவில்லை. போனில் பேசினால் ட்யூட்டி இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், குரல் பதிவு அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய், அதுவும் பாதிதான். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. நான் சொல்லச் சொல்ல நொம்புசோ எழுதுகிறாள், ஏனென்றால் என் கையால் எழுதினால் பேனா தாளைக் கிழித்துவிடும். (அண்ணா, அம்மா சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு சொற்களை மட்டும் விட்டுவிட்டேன்.) உன் சித்தப்பாவுக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை, ஆனாலும் தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். அவர் மகளுக்கு வரும் மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்காகத் தர வேண்டிய பசுக்களைப் பற்றிப் பேச இரண்டாம் முறையாக வந்து, ஒன்றும் முடிவாகாமல் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மழைக்கு முன் கூரையை ஒரு முறை பார்க்க வேண்டும். ஊர்ச் செய்தி அவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கடல் தாண்டி லீட்ஸுக்கு வேலைக்குப் போகும்போது என் வரவேற்பறையில் விட்டுப்போனது ஒரு கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், சில பாறைகள், கட்டைவிரல் அளவில் ஒரு சுத்தியல் பவளம். செத்தாலும் பரவாயில்லை என்று நீதான் சொன்னாய். அது சாகவில்லை. வாரம்தோறும் தண்ணீர் மாற்றி, கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டி, பழைய குழல் விளக்கின் கீழே அதை ஒரு முட்டைக்கோஸ் அளவுக்கு வளர்த்தவள் நான். பச்சை நுனிகள் சுத்தியல் சுத்தியலாகத் தண்ணீரில் ஆடும்போது, பக்கத்து வீட்டுப் பெண்கள் தொலைக்காட்சியை விட்டுவிட்டு இதைப் பார்க்க வருவார்கள். அது நன்றாக வளர்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உனக்கு அது உன்னுடையது என்ற நினைவு வந்தது. உடனே அந்த நீல விளக்கை அனுப்பினாய், லீட்ஸிலிருந்தே போனில் கூட்டலாம் குறைக்கலாம் என்றாய். விளக்கு நல்ல விளக்கு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ, "தண்ணிக்கு ஒரு சாண் மேல மாட்டும்மா, அப்பதான் பலமா அடிக்கும்" என்றாய். நான் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை உயரம் விட்டு, கூரைச் சட்டத்திலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டேன். அத்தனை பலமான விளக்கைக் கீழே இறக்கினால் ஒரே இடத்தில் குத்தும், மூலைகள் இருட்டாகக் கிடக்கும், உப்புத் துளி தெறித்துக் கண்ணாடி மங்கும். உயர்த்தினால் ஒளி பரவும். சுத்தியலுக்கு நேர் மேலே வைக்காமல் பாறை உச்சியின் பக்கமாக நகர்த்தினேன், ஏனென்றால் நான் பிறகு வாங்கி வைத்த, வெயில் விரும்பும் சின்னப் பவளங்கள் அங்கே இருக்கின்றன, சுத்தியல் மணலருகே பாதி நிழலில்தான் விரியும். புது விளக்கு என்பதால் குறைவாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்றும் சொன்னேன். நீ வீடியோவில் பார்த்துவிட்டு, "யாரும்மா உனக்கு இதெல்லாம் சொன்னது" என்று சிரித்தாய். உன் சிநேகிதன் யாரோ பின்னால் இருந்தான், அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு மின்வெட்டு மறுபடி ஆரம்பித்தது. காலையில் ஒரு முறை, சமைக்கும் நேரத்தில் ஒரு முறை. நான் தொலைக்காட்சியை இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிவிட்டு அந்த இடத்தில் தொட்டியின் பம்பையும் உன் விளக்கையும் மாட்டினேன், எனக்குப் பிடித்த தொடரை இழந்துதான் அதைச் செய்தேன். அதை உனக்குக் குரல் பதிவில் சொன்னேன். நீ கேட்கவில்லை. கொஞ்ச நாளில் சுத்தியல் நுனிகளை உள்ளே இழுத்துக்கொண்டது, நிறம் வெளுத்தது. வண்ணமீன் கடைக்காரன் வான் ரோயன் வந்து குனிந்து பார்த்து, "மா, இது பவளமா, வேகவெச்ச காலிஃபிளவரா" என்றான். நான் உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்பதை நீயே நினைத்துப் பார். நான் எழுத வைக்கிறேன், "நீ தண்ணிய ஒழுங்கா மாத்தியிருக்க மாட்ட, வெளக்க தப்பா மாட்டியிருப்ப, ஒனக்கு வயசாயிடுச்சும்மா". தண்ணீரைக் கடையில் சோதித்துக் காட்டினேன், பழுதில்லை. அப்போதும் நீ நம்பவில்லை.

(அண்ணா, நூலகப் புத்தகத்தில் படித்தேன். பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது, அதுதான் ஒளியை வைத்துப் பவளத்துக்கு உணவு சமைக்கிறது. ஒளி அளவுக்கு மீறினால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். அப்போது உள்ளே இருக்கும் வெள்ளை எலும்பு தெரியும்.)

போன வாரம் சனிக்கிழமை மாலை மின்வெட்டில் நாங்கள் சோளப் புட்டும் புளித்த பாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வீடெல்லாம் இருட்டு, தொட்டி மட்டும் பகல் போல எரிந்தது. அப்போது நொம்புசோவின் போனுக்கு உன் செய்தி வந்தது. அவள் தொட்டி அருகே போய் அந்த வெளிச்சத்தில் அதைப் படித்தாள், "வெளக்கு மறுபடி அணஞ்சுடுச்சு. கரண்ட் வந்ததும் வழக்கம்போல நேரத்தையும் பலத்தையும் கூட்டி ஈடுகட்டிடறேன், அம்மாகிட்ட சொல்ல வேணாம்." அவள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு, "அம்மா, கரண்ட் போனா வைஃபை பெட்டிதான் சாகுது. அண்ணன் போன்ல வெளக்கு தெரியாம போகுது, அத வெளக்கே செத்துடுச்சுன்னு நெனச்சிட்டிருக்கான்" என்றாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். ஒவ்வொரு மின்வெட்டுக்கும் நீ கூட்டியிருக்கிறாய். விளக்கோ ஒரு நிமிடமும் அணையவில்லை. குறையாத ஒளிக்கு ஈடு கட்டி, என் பவளத்தை வேகவைத்துவிட்டு, எனக்கு வயதாகிவிட்டது என்கிறாய். "விளக்கு எரியுதா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இந்த மின்வெட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் நீ, இந்த வீட்டில் வைஃபை பெட்டிதான் முதலில் சாகும் என்று உனக்குத் தெரியாதா. நொம்புசோ இதை உனக்கு உடனே எழுதினாள். அதற்கு உன் பதில் மன்னிப்பு இல்லை. "பரவால்ல, அம்மாவுக்கு இது பாரம். புதன்கிழமை லிந்தானி வந்து தொட்டிய எடுத்துட்டுப் போவான்." என் வீட்டிலிருந்து. என்னைக் கேட்காமல்.

சொன்னபடி புதன்கிழமை உன் ஊர்ச் சிநேகிதன் லிந்தானி வந்தான், வண்டி நிறைய நீல டிரம்களோடு. பாவம், நல்ல பிள்ளை, வாசலிலேயே தொப்பியைக் கழற்றினான். "மா, சனேலே எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னான். நீங்க களச்சுப்போயிட்டீங்களாம்" என்றான். "களச்சா நானே சொல்லுவேன் மகனே, எனக்கு வாய் இருக்கு" என்றேன். "அது தெரியும் மா, தெருமுனையிலயே கேட்டுச்சு" என்றான். தேநீரும் ரொட்டியும் கொடுத்தேன், மூன்று துண்டு தின்றான். பிறகு ஏணியில் ஏறி உன் விளக்கைச் சங்கிலியோடு இறக்கி, நீ அனுப்பிய அதே பெட்டியில் வைத்து அவன் கையில் கொடுத்தேன். உன் பொருளென்று என் வீட்டில் இருந்தது இது ஒன்றுதான், இதை எடுத்துக்கொண்டு போ என்றேன். தொட்டியை ஒரு முறை பார்த்தான், என்னை ஒரு முறை பார்த்தான், காலி டிரம்களோடு போய்விட்டான்.

பழைய குழல் விளக்குகளை மறுபடி மாட்டிவிட்டேன், இன்னும் சற்று உயரமாகவே. செத்த கிளைகளை வெட்டி எறிந்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தைப் பாறையின் நிழல் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறேன், அதில் மூன்று கிளைகளில் பச்சை இருக்கிறது. பிழைக்குமா என்று தெரியாது. (அண்ணா, இன்று காலை ஒரு நுனி வெளியே வந்தது. அம்மா இதை எழுத வேண்டாம் என்றார்.)

குளிரில் தலையை மூடிக்கொள். ட்யூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. உன் அப்பா வழி செலே வீட்டு முன்னோர்களிடம் உன்னைப் பற்றிப் புகார் சொல்லியிருக்கிறேன், ஆனாலும் உன்னைக் காக்கும்படியும் சேர்த்துத்தான் கேட்டேன், இரண்டையும் அவர்கள் கேட்டிருப்பார்கள். டிசம்பரில் வீட்டுக்கு வா. வந்தால் தொட்டிக்குள் கை விடும் முன் என் அனுமதியைக் கேள். நான் தருவேனா என்பது அன்றைக்கு அந்த மூன்று கிளைகளைப் பொறுத்தது.

உன்னைப் பெற்றவளும்
தொட்டியின் சொந்தக்காரியுமான
மாஸோந்தி