நசுங்காத எலுமிச்சம்பழம்

திங்கள், 6-10-47. மாதுங்கா

மழை விட்டது. ஒரே புழுக்கம். இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். மூக்கு ஒழுகல். காய்ச்சல் இல்லை. இருந்தாலும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

நீங்கள் நாகபுரியில். இந்த நோட்டைப் படிக்கப்போவதில்லை. ஆனாலும் உங்களிடம் சொல்வதுபோல் எழுதினால்தான் மனம் அடங்குகிறது.

நம் புல் வெட்டும் மிஷின் இன்று கிளப் மைதானத்தின் நடுவில் நின்றுவிட்டது. சூடானால் நிற்கிறது, ஆறினால் கிளம்புகிறது, மறுபடி நிற்கிறது. ஞாயிறு மாட்ச். சனிக்குள் வெட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

உங்கள் கடிதமும் இன்றே. 'மிஷின் தேறாதென்றால் விற்றுவிடு. இங்கே குமாஸ்தா வேலை ஒன்று இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.'

தேறும்.

செவ்வாய், 7-10

தாராவியிலிருந்து மெக்கானிக் சுடலைமுத்து. இஞ்சினைப் பிரித்துக் காட்டினார். "பிஸ்டன் தேஞ்சு போச்சும்மா. இதுக்கு மேல இதப் போட்டு அடிச்சா பாவம்லா."

வழிகள்:
1. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன். ஏற்கெனவே கடைந்தது. சுவர் தாங்காது.
2. சீமையிலிருந்து இதே இஞ்சின். கப்பல் எப்போதோ.
3. பட்டாளத்தில் கழித்த தண்ணீர்ப் பம்பு இஞ்சின். குர்லாவில் கிடைக்கிறதாம்.

மூன்றாவதுதான். கத்தி, உருளை, சட்டம் எல்லாம் திடம். இஞ்சினுக்காக முழு மிஷினையும் பழைய இரும்பில் போடுவானேன்?

பக்கத்து வீட்டு மாமி: "ஆம்படையான் ஊர்ல இல்லாதப்போ நோக்கு எதுக்குடி இஞ்சினெல்லாம்? பி.எஸ்ஸி.ல இதையா சொல்லிக்கொடுத்தா?"

"இதுவும்தான் மாமி."

வெள்ளி, 10-10

புது இஞ்சின் மாட்டியாயிற்று. பாப்பா என் இடுப்பில். பெட்ரோல் நெடி அவளுக்கு ஆகுமோ என்று தள்ளியே நின்றேன்.

சுடலைமுத்து உருளைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கிளட்சைப் போட்டார். மிஷின் பின்பக்கமாகப் போயிற்று. பழம் அப்படியே.

அவர் முகம் விழுந்துவிட்டது. "பழம் நசுங்கலியேம்மா. சகுனம் சரியில்ல. வித்துருங்க."

சங்கிலி ஓடும் திசையைப் பார்த்தேன். அப்புறம் புரிந்தது.

"சகுனம் ஒண்ணுமில்லை. இந்த இஞ்சின் எதிர்ப்பக்கமா சுத்தறது. அவ்வளவுதான்." பாப்பாவின் கிலுகிலுப்பையை உருட்டிக் காட்டினேன்; முனை மாற்றிப் பிடித்தால் அதே சுற்று எதிர்ப்பக்கம் போகும்.

கிலுகிலுப்பையை வாங்கித் தானும் திருப்பிப் பார்த்தார். "அப்ப இஞ்சினையே திருப்பி வச்சு, சங்கிலிய அந்தப் பக்கம் கொண்டுபோயிட்டா?"

"அதேதான்."

"இத மாட்டுறதுக்கு முன்னாடி சொல்லப்பிடாதா? ஓட்டயெல்லாம் மறுக்கா போடணும்லா."

நியாயம். எனக்கும் தோன்றவில்லையே.

சனி, 11-10

நல்ல வெயில். பாப்பாவுக்கு மூக்கு தேவலை. கொலுப் படி இன்னும் பரணிலிருந்து இறக்கவில்லை.

ராத்திரியே இஞ்சினைத் திருப்பி மாட்டியாயிற்று. விடிந்ததும் மைதானம். புதுப் பழம் (நேற்றையது ரசத்துக்கு ஆயிற்று). கயிறு. கிளட்ச்.

நசுங்கியது.

சுடலைமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும், யாரும் பார்க்காதபோது.

உச்சிவெயிலிலும் நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் மைதானம் முழுவதும் வெட்டியாயிற்று. கிளப் காரியதரிசி காதைப் பொத்திக்கொண்டு, "ஆவாஜ் பஹுத் ஹை," என்றார். சத்தம் அதிகம்தான். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்.

தபாலில் போடப்போவது இவ்வளவுதான்:

மிஷின் ஓடுகிறது. குமாஸ்தா வேலைக்குச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.