ஒன்பதாவது நிமிடம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆச்சு, திட்டாதே. போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது, அதான் எழுதுகிறேன்.

மனச்சோர்வுக்குக் கொடுத்த மூன்றாவது மாத்திரையும் கேட்கவில்லை. பொடிசுக்கு எட்டு மாதம், தவழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுதால் காதில் விழுகிறது, கால்தான் எழ மாட்டேன் என்கிறது. நேற்று இவர் பால் கலக்கிக்கொண்டே, "மனசு வெச்சா முடியும்மா" என்றார். மனசுதானே அக்கா ரிப்பேர்?

மாத்திரை கேட்காதவர்களின் மூளையைப் பல விதமாகப் படமெடுத்து ஒப்பிடுகிறோம் என்று எழுதியிருந்தாயே, அந்த ஆய்வுக்கு இங்கேயும் ஆள் எடுக்கிறார்கள். பேர் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒரே ஒரு படம் போதும். இவர் முன்னால் வைத்து, "பாருங்க, இது சோம்பேறித்தனம் இல்லை" என்று சொல்ல வேண்டும். எந்த மெஷின் அதைச் சரியாகக் காட்டும்?

உன் வாலு

மார்ச் 13

என் வாலுப் பெண்ணே,

மூளையை ஒரு வீடு என்று வைத்துக்கொள். தலையில் மாட்டும் ஈ.ஈ.ஜி. தொப்பி, சத்தம் எந்த நொடியில் வந்தது என்று கச்சிதமாகச் சொல்லும். எந்த அறையிலிருந்து என்று கேட்டால் முழிக்கும். எம்.ஆர்.ஐ. அறையைக் காட்டும், ஆனால் ரத்த ஓட்டத்தை வைத்து ஊகிப்பதால் சில நொடி பிந்தும். பெட் ஸ்கேன், எந்த அறையில் எவ்வளவு சர்க்கரை செலவாகிறது என்று சொல்லும். அதற்குக் கதிரியக்க மருந்து ஊசி உண்டு. யாருக்கு எந்தச் சிகிச்சை கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்வதில் எது கெட்டிக்காரி என்றுதான் நாங்கள் தேடுகிறோம்.

ஆனால் நூறு பேர் சராசரியில் தெரிவது ஒருத்தியின் படத்தில் தெரியாதுடி. உன் படத்தில் ஒரு குறையும் தெரியாமல் போனால்? நீயே உன்னை நம்பாமல் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் ஊர்ப் படங்களும் சரிபார்க்க என்னிடம்தான் வரும். எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. எம்.ஆர்.ஐ.க்குள் தலையை மட்டும் ஆட்டாதே. அரிசிமணி கனம் அசைந்தாலே அந்தப் படத்தைக் கழித்துக்கட்டிவிடுவேன். நீயோ வகுப்பில் ஒரு நிமிடம் ஒழுங்காக உட்காராதவள்!

அன்புடன் அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

கெடுத்துவிட்டேன்.

தொப்பி நல்லபடியாக முடிந்தது, தலையெல்லாம் பசை. பெட் ஸ்கேன் ஊசிக்குப் பிறகு சில மணி நேரம் குழந்தையைத் தூக்கக்கூடாது என்றார்கள். அப்பாடா என்று இருந்தது. பெற்றவளுக்கு அப்படி இருக்கலாமா?

அதற்கடுத்த வாரம் எம்.ஆர்.ஐ. அந்தத் தடதட சத்தத்துக்கு நடுவில் அவள் அழுகிற மாதிரி இருந்தது. அவளும் இவரும் இரண்டு கதவு தாண்டி. கேட்க வாய்ப்பே இல்லை. கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கி, நிறுத்தச் சொல்லி, வெறுங்காலோடு ஓடினேன். அவள் இவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பத்து நிமிஷத்துல ஒன்பதாவது நிமிஷம்! இன்னும் ஒண்ணு பொறுக்கக் கூடாதாம்மா?" என்று டெக்னீஷியன் தலையில் அடித்துக்கொண்டார்.

சும்மா படுத்திருக்கக்கூட நான் லாயக்கில்லை.

வாலு

ஏப்ரல் 10

என் கண்ணே,

ஒன்பதாவது நிமிடம் என்று படித்ததும் என் பதிவேட்டைப் புரட்டினேன். போன வாரம் உங்கள் ஊரிலிருந்து இருபத்தேழாம் எண் வந்தது. எட்டு நிமிடம் கல் மாதிரி கிடந்த தலையசைவுக் கோடு, ஒன்பதில் எகிறுகிறது. 'அசைவு. பயனற்றது' என்று எழுதி ஒதுக்கியது நான்தான். தங்கையையே கழித்துக்கட்டியிருக்கிறேன். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன், இனி உன் எண் என் கைக்கு வராது.

அந்தப் படம் ஆய்வுக் கணக்கில் சேராது. நீ குணமாகிவிட்டாய் என்றும் அர்த்தமில்லை. ஆனால், கால் எழ மாட்டேன் என்கிறது என்று எழுதியவள் நீதானே?

உனக்கு வேண்டியது படம் இல்லை, அடுத்த சிகிச்சை. டாக்டரிடம் போகும்போது உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போ.

அக்கா

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மேஜைமேல் விட்டிருந்தேன். மறந்தேனா, வேண்டுமென்றே வைத்தேனா, தெரியவில்லை. இவர் படித்திருக்கிறார்.

டாக்டர் என்னிடம் கேட்டதற்கு இவர் முந்திக்கொண்டார். "அன்னைக்குச் செருப்புகூடப் போடாம ஓடி வந்தா சார். மனசு இல்லாம இல்ல. இது வேற என்னமோ. நான்தான் புரியாம பேசிட்டேன்." படம் எங்கே என்று இவர் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை புதுச் சிகிச்சை. கேட்குமா, தெரியாது.

இன்று காலை பொடிசு அழுதாள். கால் எழவில்லை அக்கா. மறைக்காமல் எழுதுகிறேன். இவர் போய்த் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு, "நீ எழுந்திருக்க வேணாம், அப்படியே இரு" என்றார். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

பத்து நிமிடத்துக்கு மேலேயே இருக்கும். தலையை அசைக்கவே இல்லை.

உன் வாலு